கல்முனையிற் கண்ட குருவிச் செள்

மட்டக்களப்பை விட்டுக் கல்லடிப் பாலத்தைக் கடந்ததும், தெற்கு நோக்கி ஓடும் பெருந்தெரு கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்பரப்பைப் பற்றிக்கொண்டு செல்கின்றது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து வருகின்றன. பெரியநீலாவணையைத் தாண்டினால் மருதமுனை. அங்கே கைத்தறிச் சாரங்களும் சேலைகளும் கடைவாசல்களிற் காற்றில் அசைந்துகொண்டிருக்கும். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலைக் கண்டு கும்பிடுவோர் கும்பிட்டு முடிப்பதற்குள், ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓடிக் களைத்த பஸ் வண்டி கல்முனையில் வந்து நின்றுவிடும்.

சிறுபோக விதைப்பு முடிந்திருந்த காலம். கச்சான் காற்று இன்னும் முழு வேகத்துடன் வீசத் தொடங்கவில்லை. நான் கல்முனைக்குச் சென்றது கடலைப் பார்ப்பதற்கன்று, கந்தூரி காண்பதற்குமன்று. அங்குள்ள என் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "மாஸ்டர், எங்கட விறாந்தை விளக்கில கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கு. குஞ்சும் பொரிச்சிற்று. ஆனா வீட்டில பெரிய வழக்கு நடக்குது. உங்கட பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒருக்கா வாங்க" என்றார். பள்ளிக்கூடத்திலே விலங்கியல் படிப்பித்தவனுக்கு ஓய்வு பெற்ற பின்பும் இப்படியான அழைப்புகள் வருவதுண்டு. பெரும்பாலும் பாம்பைப் பற்றியதாகவே இருக்கும். செள்ளைப் பற்றி வந்த அழைப்பு இதுவே முதல்.

வழக்கு இதுதான். நண்பருடைய ஆறு வயது மகளின் கைகளிலும் கழுத்திலும் சிவந்த தடிப்புகள் எழுந்திருந்தன. இரவு முழுவதும் சொறிந்து அழுகிறாள். கூட்டுக்கு நேர் கீழே போடப்பட்டிருந்த சாய்மனைக் கதிரையிலே மாலை வேளைகளில் அவள் உறங்கிப் போவதுண்டு. தலையிலும் அரிப்பு, சீப்பிட்டால் ஈர் வருகின்றது. ஆகவே, குருவிச் செள் இறங்கிப் பிள்ளையின் உடம்பிலும் தலையிலும் குடியேறிவிட்டது என்பது பாட்டியாரின் தீர்ப்பு. கூட்டை உடனே ஈர்க்குமாற்றினால் தட்டிவிட வேண்டும் என்பது தண்டனை. பிள்ளையோ, கூட்டைத் தொட்டால் சோறு தின்னமாட்டேன் என்று நிற்கின்றாள். கிழக்கிலங்கையின் இப்பகுதியிலே மணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்வதே வழக்கம். வீடும் பெரும்பாலும் பெண்ணுக்குரியது. எனவே நண்பர் அவ்வீட்டின் மருமகன். மாமியார் சொல்லுக்கு மாற்றுச் சொல் சொல்லுமிடத்தில் அவர் இல்லை. அதனாலேதான் வெளியாள் ஒருவனை நடுவராக அழைத்திருந்தார்.

அந்த அம்மையார் கொடியவரல்லர். நான் சென்று அமர்ந்து தேநீர் அருந்தியதும் அருகே வந்தார். "மகன், வாயில்லாச் சீவன்ட கூட்டைக் கலைக்கிறது பாவம் எண்டு எனக்கும் தெரியும். ஆனா புள்ளைட கையப் பாருங்க" என்று பேத்தியின் கையை என் முன்னே நீட்டினார். அவர் குரலிற் கோபத்தைக் காட்டிலும் கவலையே மிகுந்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்க உம்மா. கடிச்சது ஆரெண்டு முதல்ல பார்ப்பம்" என்றேன்.

தமிழிலே இந்தச் சிற்றுயிர்களுக்குப் பேன், செள், உண்ணி, தெள்ளு என்று பெயர்கள் உண்டு. எனினும் செள் என்ற சொல்லில் ஒரு சங்கடம் இருக்கின்றது. கோழியின் இறகைத் தின்று வாழும் பேனையும் செள் என்கிறோம். கோழிக்கூட்டிலே தூள் போல ஊர்ந்து இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணியையும் செள் என்கிறோம். இரண்டும் உறவில்லாத இரண்டு உயிர்கள். ஒன்று பூச்சியினம், மற்றது சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. ஆகையால் இக்கட்டுரையில் முன்னதை இறகுப்பேன் என்றும் பின்னதைச் சிற்றுண்ணி என்றும் எழுதிக்கொண்டு போகிறேன்.

நாற்காலியின் மேல் ஏறிக் கூட்டைத் தொடாமலே அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வேரும் நாரும் வைத்துக் கட்டிய சிறு கிண்ணம். உள்ளே இரண்டு குஞ்சுகள் வாயைத் திறந்தபடி இருந்தன. கண் விழித்து, சிறகின் குருத்துகள் வெளிவரத் தொடங்கியிருந்தன. விளக்கின் மூடியிலே வெள்ளைக் காகிதமொன்றை மெல்ல ஒற்றி எடுத்தேன். காகிதத்தில் மிளகுத்தூள் சிந்தியதுபோலச் சில புள்ளிகள். அவை நகர்ந்தன.

பூதக்கண்ணாடியின் கீழே வைத்ததும் விடை கிடைத்துவிட்டது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த உடல், முட்டை வடிவம், சில சாம்பல் நிறம், சில குடித்த இரத்தத்தாற் செந்நிறம். தலை, நெஞ்சு, வயிறு என்ற பிரிவு கிடையாது, உணர்கொம்பும் கிடையாது. கால்கள் எட்டு. சிற்றுண்ணியின் இளம் பருவத்துக்கு ஆறு கால்களே உண்டு என்பதால், காலை மட்டும் எண்ணித் தீர்ப்புச் சொல்பவர் ஏமாறக்கூடும். உணர்கொம்பு இருக்கின்றதா, தலை தனியே தெரிகின்றதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெப்ப நாடுகளிலே மைனா, சிட்டுக்குருவி, கோழி முதலியவற்றின் கூடுகளில் ஓர்னித்தொனிசஸ் பர்சா என்ற சிற்றுண்ணி மலிந்து வாழ்கின்றது. அதே இனந்தானா என்று சொல்ல என் கண்ணாடி போதாது. ஆயினும் கடித்த சாதி இதுவே. குஞ்சுகள் பறந்து சென்றபின் உணவிழந்த சிற்றுண்ணிகள் கூட்டை விட்டிறங்கி மனிதரையும் கடிக்கும். மனித இரத்தத்தைக் கொண்டு தம் குலத்தைப் பெருக்க அவற்றால் இயலாது. சில நாளில் மாண்டுபோகும்.

அடுத்தது பிள்ளையின் தலை. பாட்டியார் சீப்பில் எடுத்து வைத்திருந்த ஒன்றைப் பார்த்தேன். தலை குறுகியது, ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரே வளைநகம். மயிரைப் பற்றுவதற்கென்றே அமைந்த நகம் அது. பறவையின் இறகுப்பேனுக்கு ஒவ்வொரு காலிலும் இரு நகங்கள். தலையும் நெஞ்சைவிட அகன்றது. ஐயமில்லை: இது மனிதப் பேன். பள்ளிக்கூடத்திலே பக்கத்து வாங்கிற் பிள்ளையிடமிருந்து வந்தது, குருவியிடமிருந்து வந்ததன்று. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் கதை நாம் கேட்டதுதான். இங்கே பேனைக் குருவியாக்கியிருந்தார்கள்.

"அப்ப குருவிக்குச் செள்ளே இல்லையா மகன்?" என்று அம்மையார் கேட்டார். நல்ல கேள்வி. இருக்கின்றது. ஆனால் அது குருவியை விட்டு நம்மிடம் குடியேறுவதில்லை. முட்டையை இறகிலே ஒட்டி, மூன்று முறை தோலுரித்து, வளர்ந்து, கூடி, இறப்பது வரை அதன் வாழ்வு முழுவதும் பறவையின் உடலிலேயே கழிகின்றது. பறவையை விட்டு நீங்கினாற் சில நாள்களுக்கு மேல் உயிர் தரியாது.

தீர்ப்பு இவ்வாறாயிற்று. சாய்மனைக் கதிரை விறாந்தையின் மறுகோடிக்குப் போயிற்று. விளக்கின் மூடியும் அருகிலுள்ள சுவரும் நாள்தோறும் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைக்கப்பட வேண்டும். கொண்டைக்குருவிக் குஞ்சுகள் பொரித்து ஏறக்குறைய இரண்டு வாரத்திற் பறந்துவிடும். பறந்த அன்றைக்கே கூட்டை எடுத்து எரித்து, அவ்விடத்தைக் கழுவிவிட வேண்டும். பிள்ளையின் தலைக்குப் பேன் சீப்பு. அம்மையார் சற்று யோசித்து, "பறந்த அண்டைக்கே" என்று விரலை உயர்த்திக் காட்டி உடன்பட்டார்.

நண்பரின் மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயில்பவர். இத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்ற அவருக்கு உண்மையான இறகுப்பேனையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பிறந்தது. "பிடித்துப் பார்க்கலாமா சேர்?" என்றார். பிடிக்கக் கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவற்றைக் காக்கின்றது. வலை கட்டிப் பிடித்து ஆராய்வோர் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பெற்றே செய்கின்றனர். அவர்கள் பறவையின் இறகுகளுக்குள்ளே பைரீத்திரம் என்ற செவ்வந்தி வகைப் பூவின் தூளைத் தடவி, வெள்ளைத் தாளின்மேல் இறகைக் கோதிவிடுவர். பேன்கள் மயங்கி உதிரும். பறவை நலமாகப் பறந்துபோகும். நமக்கு அந்த வசதியில்லை. தானே இறந்த பறவை கிடைத்தாற் பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் விடியலில், சுபஹுத் தொழுகைக்கான பாங்கோசை அடங்கியதும், இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழும் இடம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்து இக்கரையிலிருந்த வீடுகளையும் மனிதரையும் வாரிச் சென்றது. அந்நாளை இங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. கரைவலை இழுப்போர் அன்றைக்கும் தோளோடு தோள் நின்று இழுத்துக்கொண்டிருந்தனர். மீன் குவியலைச் சுற்றிக் காகங்களின் இரைச்சல். இவ்வூரிலே காக்கா என்றால் தமையன்; ஆகவே பறவையை எவரும் மறந்தும் அப்படி அழைப்பதில்லை, அது காகந்தான்.

காகத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொன்னேன், மாணவர் நம்பவில்லை. விலங்கியலார் பாடும் பறவைகள் என்று வகுத்த பெருங்கூட்டத்திலே காகம் ஓர் உறுப்பினர். குயில் அதிற் சேராது! பாட்டின் இனிமையைக் கொண்டன்று, குரல்வளையின் தசையமைப்பையும் பிற உடலமைப்பையும் கொண்டு செய்த வகுப்பு அது. நம் புலவர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு குயிலும் கூவிற்று.

குயிற்குஞ்சு காகத்தின் கூட்டிலே காகத்தின் சூட்டில் வளர்கின்றது. அப்படியானால் அதன் இறகில் வாழ்வது காகப் பேனா, குயிற் பேனா? குயிற் குடும்பத்துக்கென்றே குக்குலிக்கோலா, குக்குலோசஸ் முதலிய தனிப்பேன் சாதிகள் உண்டு. பெற்ற தாயை ஒருநாளும் தொட்டறியாத பறவைக்கு அவை எப்படி வந்து சேர்கின்றன? ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் காணும் சாதாரணக் குயிலினத்தைப் பற்றிய ஓர் ஆய்வு 1998இல் வெளியாயிற்று. வளர்ப்புத் தாயின் கூட்டிலிருந்த குயிற்குஞ்சுகளிடம் குயிற்பேன் இல்லை. பிற்காலத்திற் பிற குயில்களுடன் உடலுறும்போதே அவை வந்து தொற்றுகின்றன என்று அது காட்டியது. காகத்தை ஏமாற்றிய குயிலால் பேனை ஏமாற்ற முடியவில்லை. 1952இலே மிரியம் றொத்சைல்டும் தெரேசா கிளேயும் சேர்ந்து பறவை ஒட்டுண்ணிகளைப் பற்றி எழுதிய ஆங்கில நூலுக்குத் தெள்ளு, தட்டைப்புழு, குயில் என்ற மூன்றையும் சேர்த்தே பெயரிட்டார்கள். அந்நூலை இன்றைக்கும் சுவையோடு படிக்கலாம்.

மணலில் ஒரு காகம் இறந்து கிடந்தது. இறந்து நெடுநேரமாகவில்லை. என் துணிப்பையிலே எடுத்து வைத்துக்கொண்டு, ஓரத்தில் அமர்ந்து மாணவருக்கு இறகை விலக்கிக் காட்டினேன். கரிய, தட்டையான இரண்டு மூன்று பேன்கள் ஓடி மறைந்தன. குழி தோண்டிக் காகத்தைப் புதைத்தோம். பையை உதறி மடித்து வைத்துக்கொண்டேன். இந்தப் பையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பிற்பகல் காரைதீவுப் பக்கம் சென்றோம். 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். இழந்த இசையைத் தேடி யாழ் நூலை 1947இல் தந்த அப்பெரியாருடைய ஊரிலே, தென்னைகளில் இருந்து மாம்பழத்தானும் புலுனிக் கூட்டமும் தத்தம் பண்ணைப் பாடிக்கொண்டிருந்தன. அங்கிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் தெருவின் இருமருங்கும் வயல் வட்டைகள். கல்லோயாத் திட்டத்தாற் சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கிய நீர் பாய்ந்து, இளநாற்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சையாக விரிந்திருந்தது. எருமைகளின் முதுகிலே மைனாக்கள் சவாரி செய்தன. தெருவோரத்தில் வாகனத்தில் அடிபட்ட மைனா ஒன்று, இன்னும் சூடு ஆறாமற் கிடந்தது. மாணவரின் முகம் மலர்ந்தது. நான் பையை விரித்தேன்.

வீட்டுக்கு வந்து முற்றத்திலே மேசை போட்டு, வெள்ளைத் தாள் விரித்து, மைனாவின் இறகுகளை எதிர்ப்பக்கமாகக் கோதிக் கோதித் தட்டினோம். முதலிற் சிறு தூசி. பிறகு உயிருள்ள தூசி. எழுபது விழுக்காட்டு மதுசாரம் நிரப்பிய சிறு போத்தல்களில் நனைந்த தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டோம்.

இங்கேதான் இனங்காணுதல் தொடங்குகின்றது. பறவைப் பேன்களை இரு பெருங்கூட்டமாக முதலிற் பிரிக்கலாம். தாளில் விழுந்ததும் விரைந்து ஓடுபவை அம்பிளிசெரா. அவற்றின் உணர்கொம்பு தலையின் அடியிலுள்ள பள்ளத்தில் மடங்கிக் கிடப்பதால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தென்படாது. இவற்றுட் பல, தோலைக் கடித்து இரத்தமும் உண்பவை. மெல்ல ஊர்ந்து, இறகு கிடைத்தால் இறுகப் பற்றிக்கொள்பவை இஸ்க்னோசெரா. அவற்றின் உணர்கொம்பு வெளியே தெரியும். இறகின் நுண்ணிழைகளே உணவு. முன்னாளில் மலோபாகா என்று எல்லாவற்றையும் ஒரு குலமாக வைத்திருந்தனர். இக்காலத்தார் அதனை இயற்கையான குலமென்று ஏற்பதில்லை.

உடலின் வடிவமே அது வாழுமிடத்தைச் சொல்லிவிடும். பறவை தன் அலகால் உடல் முழுவதையும் கோதித் துப்புரவாக்கும். தன் தலையை மட்டும் எட்டாது. ஆகவே தலையில் வாழும் பேன் ஓடத் தேவையின்றிப் பருத்து, முக்கோணத் தலையும் உருண்ட வயிறுமாய் இருக்கின்றது. சிறகில் வாழ்வது ஒல்லியாய் நீண்டு, இறகின் இரு இழைகளுக்கிடையே குச்சி போலச் செருகிக்கொள்கின்றது. அலகு ஓர் எதிரி என்பதைப் புறாக்களிற் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். மேலலகின் நுனியிலே கீழலகுக்கு அப்பால் நீண்டு வளைந்திருக்கும் ஓரிரு மில்லிமீற்றர் பகுதியை நறுக்கிவிட்டபோது, அப்புறாக்களில் இறகுப்பேன் பெருகியதென 2005இல் வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவிலே வெள்ளைக் கொண்டைக்கிளியின் பேன் வெண்மை. கருங்கொண்டைக்கிளியின் பேன் கருமை. அலகின் கண்ணிற்படாமல் வாழ்வதற்கான வேடம் அது. பேன் மிகுந்தால் பறவைக்குக் கேடுமுண்டு: இறகு நைந்து உடற்சூடு வீணாகும், பேன் மலிந்த ஆண் புறாவைப் பேடைகள் விரும்புவதும் குறைவு.

பறவை மாறிப் பயணம் செய்யும் வழியும் விந்தையானது. உடலோடு உடல் உரசும்போது மாறுவது பெருவழக்கு. ஆனால் பாடும் பறவைகளின் சில இறகுப்பேன்கள், பறவைகளின் இரத்தம் குடிக்கும் தட்டையான ஈக்களின் உடலைப் பல்லாற் கவ்விக்கொண்டு வேறொரு பறவைக்குப் போய்ச் சேர்கின்றன. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் மாலை நேரப் பஸ்ஸின் மிதிபலகையிலே தொங்கிச் செல்வோரைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மைனாவின் பேன்கள் நம் அயல்நாட்டில் நன்கு ஆராயப்பட்டவை. இலக்னோவிலே தாண்டன் என்பாரும் லாகூர்ப் பக்கத்திலே அன்சாரி என்பாரும் 1950களிலேயே இப்பகுதிப் பறவைகளின் பேன்களை விவரித்து எழுதினர். வட இந்திய மைனாக்களில் மெனக்காந்தசு யூரிஸ்டேர்னசு என்ற பேன் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைவதைப் பற்றி 1990இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தப் பேன் நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்களில் வாழ்வது, பிடிவாதமில்லாத விருந்தாளி. மைனாவின் தலைக்குரியது ஸ்டேர்னிடோயெக்கசு சாதி. ஒல்லியானவை புரூயெலியாவும் அதன் சுற்றமும். அந்தப் புரூயெலியாச் சுற்றத்தை மட்டும் திருத்தி வகுக்க கஸ்டாவ்சன், புஷ் என்னும் இருவர் 2017இல் வெளியிட்ட நூல் நானூறு பக்கங்களைக் கடந்தது. உலகில் அறியப்பட்ட கடிபேன் இனங்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

எங்கள் போத்தல்களிலே ஓடுபவை சில, உருண்டவை சில, ஒல்லியாய்க் கரியவை சில இருந்தன. மாணவர் உற்சாகத்துடன், "இந்தக் கரியது புதிய இனமாக இருக்குமோ சேர்?" என்றார். இனத்தை அறிவது பூதக்கண்ணாடியின் வேலையன்று. பேனைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்து உள்ளுடலைக் கரைத்து, கழுவி, நீரகற்றி, கனடா பிசினில் வைத்துத் தகட்டில் மூடி, நுணுக்குக்காட்டியின் கீழே ஒவ்வொரு மயிரையும் எண்ணி, ஆண் உறுப்பின் வடிவத்தையும் ஒப்பிட்டே சொல்ல முடியும். அதைச் சொல்லிக்கொண்டே போத்தலுக்குள் இடுவதற்குச் சீட்டெழுதப் பென்சிலைக் கொடுத்தேன். மையால் எழுதினால் மதுசாரத்திற் கரைந்துவிடும். "மைனா, சம்மாந்துறைத் தெரு" என்று அவர் எழுதத் தொடங்கினார். என் கண் கதிரையின் முதுகிலே தொங்கிய துணிப்பையின்மேற் சென்றது.

காலையிலே காகம் இருந்த பை. உதறினேன், உண்மைதான். ஆனால் ஒரு பேன் துணியின் மடிப்பிலே தங்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? அந்தக் கரிய பேன் மைனாவுடையதா, காகத்துடையதா? அறுபது வயதைக் கடந்தவன், முப்பது ஆண்டு பிறருக்குப் படிப்பித்தவன், முதலாம் பாடத்தில் தவறிவிட்டேன். "சீட்டெழுத வேண்டாம் தம்பி, பை கெட்டது" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வருத்தமாயிருந்தது. அந்தக் கரியதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வைத்துக்கொள்ளலாமே என்றார். கரியதை ஐயுற்றால் மற்றவற்றையும் ஐயுறத்தான் வேண்டும்.

இத்தகைய பிழை பேரறிஞர்களையும் விடவில்லை என்ற கதையைச் சொல்லி அவரைத் தேற்றினேன். வட அமெரிக்காவிலே வானத்தை மறைத்துப் பறந்த பயணிப்புறா வேட்டையால் அழிந்தது. கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் மாண்டது. அதன் பேன் ஒன்றுக்கு 1937இலே 'அழிந்துபோனது' என்ற பொருளில் கொலம்பிக்கோலா எக்ஸ்டிங்டஸ் என்று பெயரிட்டனர். புறாவுடன் பேனும் அழிந்ததென நெடுங்காலம் நம்பினர். 1999இல், அமெரிக்காவிலே இன்றும் பறக்கும் வேறொரு காட்டுப்புறாவில் அதே பேன் உயிரோடு வாழ்வது தெரியவந்தது! அதே பயணிப்புறாவினது என்று எழுதிவைத்த இன்னொரு பேனும் இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஒப்பிட்டுப் பார்த்தால், அது ஆஸ்திரேலியப் புறாவொன்றின் பேன். பயணிப்புறாவில் அது வாழ்ந்ததே இல்லை. மாதிரிகள் எங்கோ கலந்திருக்க வேண்டும், அல்லது சீட்டு மாறியிருக்க வேண்டும். உலகத்தில் இல்லாத ஓர் ஒட்டுண்ணியின் அழிவுக்காக அறிஞர்கள் பல ஆண்டு துக்கம் காத்திருக்கின்றனர்.

மாணவர் சிரித்துவிட்டார். பிறகு போத்தலைத் திறந்து, அந்தச் சீட்டைத் திருத்தி எழுதினார்: "காகமோ மைனாவோ தெரியாது. பயிற்சிக்கு மட்டும்."

அன்றிரவு உணவின்போது அவர் கேட்டது என் நினைவில் நிற்கின்றது. இக்கரையிலே மாரி காலத்தில் வடக்கிலிருந்து தகைவிலானும் ஆறுமணிக் குருவியும் வந்து சேர்கின்றனவே, அவை தம் பேனையும் கொண்டுதானே வரும், அவற்றை யார் பார்த்திருக்கிறார்கள் என்றார். பாக்கு நீரிணைக்கு அப்பால் கோடிக்கரையிலே சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1960களிற் பறவைகளைப் பிடித்து வளையமிட்டபோது, உடலிலிருந்த உண்ணிகளையும் சேகரித்தனர். 1957இலே மைசூர்ப் பக்கத்துக் கியாசனூர்க் காட்டில் தோன்றிய காய்ச்சலைப் பறவைகள் தம் உண்ணிகள் மூலம் கொண்டுவந்தனவோ என்ற கேள்வி அதற்கு ஒரு காரணம். நம் நாட்டிலே பேராதனையில் ஹிலறி குரூஸ் என்ற பேராசிரியர் நமது பழம்பெரும் விலங்குகளின் ஒட்டுண்ணிகளை 1970களில் வரிசையாக ஆராய்ந்து எழுதினார். கிட்டங்கிப் பாலத்தடி நீரோரத்தையும் நற்பிட்டிமுனை வயலையும் நாள்தோறும் பார்ப்பவர் நீர்தான் என்று மட்டும் அவருக்குச் சொன்னேன்.

இரண்டாம் நாள் காலை பஸ் ஏறுமுன் கூட்டை ஒருமுறை பார்த்தேன். தாய்க்குருவி புழுவொன்றைக் கொண்டுவந்து ஊட்டிற்று. பிள்ளையின் கையிலே தடிப்பு வற்றத் தொடங்கியிருந்தது. வட்டிலப்பம் ஒரு பாத்திரத்திற் கட்டித் தந்தார்கள். "அந்தப் பையில வைக்காதீங்க மகன்" என்றார் அம்மையார்.

ஒன்றரை மாதம் கழிந்து மாணவரிடமிருந்து செய்தி வந்தது. நான் புறப்பட்ட எட்டாம் நாள் குஞ்சுகள் இரண்டும் பறந்தன. பாட்டியார் அன்றைக்கே நின்று கூட்டை எடுப்பித்து, விளக்கைக் கழுவுவித்தார். இப்போது அதே சோடி கொல்லைப்புறத்திலே உடுப்புக் காயப்போடும் கம்பியின் மூலையில் நார் சேர்க்கின்றதாம். பாட்டியார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. செய்தியோடு ஒரு படமும் இருந்தது. சிறு போத்தல், உள்ளே பென்சிலில் எழுதிய சீட்டு: "கொண்டைக்குருவி, வளர்ந்தது, ஒன்று. பூனை கொன்றது. கல்முனை, எங்கள் வளவு, கிணற்றடி. காலை 7 மணி. புதுப் பை."